நாலாம் நம்பர் பாட்டில்

எங்கள் சர்ச் சபையின் ஆண்டு மலருக்கு என் அண்ணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதாக எழுதுங்கள் என்று வேறு சொல்லியனுப்பினார்கள். எனக்கு நல்லதாகவெல்லாம் எழுத வராது, நடந்ததை எழுதத்தான் வரும். பிடிக்கவில்லை என்றால் அந்த இரண்டு பக்கத்தையும் ஏதாவது விளம்பரத்துக்குக் கொடுத்துக்கொள்ளட்டும்.

அண்ணன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணி என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார். கீழே என் சலவைக்கடை. ஊர்த் தண்ணீர் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர் அவர். சபையில் பாதிப் பேருக்கு அவருடைய பெயரே தெரியாது. மூக்கு அக்கா என்றால் சின்னக் குழந்தைகூட கையைக் காட்டும்.

வேலையே மூக்கை வைத்துத்தான். ஊரில் அங்கங்கே குழாயில் பிடித்துவந்த தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, லேசாகச் சூடு காட்டி, மூடியைத் திறந்தவுடனே ஐந்து பேர் முகர்ந்து பார்த்து எழுதவேண்டும். மண் வாடையா, பாசி வாடையா, மருந்து வாடையா, எவ்வளவு. அந்த வேலைக்காக அவர் ஆயுசில் வாசனை சோப்புப் போட்டதில்லை, பவுடர் பூசியதில்லை. வேலை நாளில் காலைக் காபி கிடையாது. என் அண்ணன் பாவம், தெருமுனையில் பிடித்த சிகரெட்டுக்கு வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்வான். என் கடையில் எந்தச் சட்டைக்கு எந்தக் கறைமருந்து போட்டேன் என்று மாடிப்படியில் நின்றபடியே சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு தடவை பள்ளிக்கூடத் தண்ணீரை மெஷின் எல்லாம் நல்லது என்று சொல்லிவிட்டது. இவர் மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அடம் பிடித்தார். மேலதிகாரி கத்தினார், கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தால் மூடி உடைந்து, உள்ளே புறா ஒன்று செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. சனியன் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் சபை கடல் தாண்டி இருக்கும் ஊர்களுக்குக் கிணறு தோண்டிக் கொடுக்கிறது. கிணறு என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். ஆழமாகத் துளை போட்டு, மேலே அடிபம்பு வைப்பது. அங்கே குளத்துத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டு மனசு தாங்காமல் ஆரம்பித்ததுதான். பதினைந்து வருஷமாக அந்தக் கிணற்றுக் குழுவுக்கு நான்தான் செயலாளர். கேக் விற்றோம், பழைய துணி விற்றோம், மழையில் நனைந்துகொண்டு தெருத்தெருவாக உண்டியல் குலுக்கினோம். அதில் ஒரு பைசா தப்பாகப் போகவில்லை. இதை யார் முன்னாலும் சத்தியம் செய்வேன்.

முதல் கிணறு முடிந்ததும், அங்கே துளை போட்ட கம்பெனிக்காரர் கிணற்றின் முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் அடைத்து அனுப்பியிருந்தார். பாஸ்டர் அதை ஆராதனை மேஜையில் வைத்து ஜெபம் செய்துவிட்டு, நம்மிடம் தண்ணீர் பார்த்துச் சொல்ற ஆள் இருக்காங்களே என்று சிரித்துக்கொண்டே அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணிக்கு வெட்கம். போய், முகர்ந்து, ஒரு வாய் குடித்து, நல்ல தண்ணி என்றார். அவ்வளவுதான், சபை முழுக்கக் கைதட்டல். கையோடு காணிக்கைத் தட்டைச் சுற்ற விட்டேன். அதுவரை அவ்வளவு விழுந்ததே இல்லை.

அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கிணறு முடிந்ததும் தண்ணீர் ஞாயிறு என்று ஒரு நாள். அண்ணி முன்னால் போவார், முகர்வார், குடிப்பார், நல்ல தண்ணி என்பார். நான் தட்டை எடுப்பேன். மிச்சத் தண்ணீரோடு பாட்டிலை நம்பர் போட்டு, சபைக் கூடத்து அலமாரியில் வரிசையாக வைத்தோம். அண்ணி குடிக்கும்போது ஒரு போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அந்த ஊருக்கு அனுப்பிவைப்போம். அவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை பம்பைச் சுற்றி நின்று போட்டோ எடுத்து அனுப்புவார்கள். போட்டோவுக்குப் போட்டோ. நன்றாகத்தானே இருந்தது.

மூன்றாம் கிணற்றுக்கான பில் வந்தபோது எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. துளை, குழாய், பம்பு என்ற வரிசையில் கடைசியில், தண்ணீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் செலவு என்று ஒரு வரி இருந்தது. முதல் இரண்டுக்கும் கொடுத்திருந்தோம். இந்தக் காசுக்குப் பம்பைச் சுற்றிச் சிமெண்ட் மேடை போட்டால் பெண்கள் சேற்றில் நிற்காமல் தண்ணீர் பிடிப்பார்களே என்று நினைத்தேன். குடும்பத்திலேயே அண்ணியை வைத்துக்கொண்டு வெளியே எதற்குச் சோதனை. கடையில் கறைக்கு அடையாளம் போடும் சிவப்புப் பேனா கையில் இருந்தது. அந்த வரியை அடித்தேன். சிமெண்ட் மேடை என்று பக்கத்தில் எழுதினேன். குழுவில் எல்லோரும் சபாஷ் என்றார்கள். அண்ணி குழுவில் இல்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றெல்லாம் இல்லை, சொல்லத் தோன்றவில்லை.

நாலாம் கிணறு எங்களுடையது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். அந்த நன்றிக்கு நானும் என் வீட்டுக்காரரும் கொடுத்த கிணறு அது. அந்தத் தண்ணீர் ஞாயிறன்று, பிறந்து மூன்று மாதமான மகளை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி முகர்ந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் முகர்ந்தார். குடித்தார். இரும்பு கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி நல்ல தண்ணி என்றார். இரும்பு ரத்தத்துக்கு நல்லதுதானே என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது என் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"அங்கே சோதனை செஞ்ச பேப்பர் வந்துச்சில்ல?"

மடியில் மகள் அழுதுகொண்டிருந்தாள், கையில் காணிக்கைத் தட்டு. ஆமா ஆமா என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அந்த ஆமாவைத்தான் நான் இன்றைக்கும் மென்றுகொண்டிருக்கிறேன்.

அந்த வருஷம் வந்த போட்டோவில் சிமெண்ட் மேடை பளிச்சென்று இருந்தது. அதன் மேல் ஒரு பெண், இடுப்பில் என் மகள் வயசில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு வருஷமும் போட்டோ வந்ததும் முதலில் அவளைத்தான் தேடுவேன். நிற்கக் கற்றுக்கொண்டாள், பல் விழுந்தது, முடி வளர்ந்தது, ஒரு வருஷம் கையை உடைத்துக் கட்டுப் போட்டிருந்தாள். அவளைப் பம்புக்காரி என்று கூப்பிடுவோம். என் மகள் தன் உயரத்தை அளவெடுக்கும் சுவரில் பக்கத்திலேயே போட்டோவை ஒட்டி வைப்பாள். பம்புக்காரி உன்னைவிட உயரம், ஒழுங்காகச் சாப்பிடு என்று மிரட்டுவேன். அலமாரியில் நாலாம் நம்பர் பாட்டிலின் அடியில் செங்கல் நிறத்தில் ஏதோ படிந்து இறங்கிக்கொண்டே வந்தது. பார்த்தேன். துரு என்று விட்டுவிட்டேன்.

போன வருஷப் போட்டோ வந்த அன்று அண்ணி கீழே கடையில் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது. பம்புக்காரிக்கு அப்போது பன்னிரண்டு வயசு. போட்டோ எடுப்பவரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு பெரியவளாயிட்டா பாருங்க அண்ணி என்று நீட்டினேன். அண்ணி வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். துணியில் கறை பார்க்க நான் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கேட்டார். அவர் முகம் சுண்டிப்போனது. நானும் எட்டிப் பார்த்தேன்.

உள்ளங்கை முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளி. ஆணி விழுந்த மாதிரி தடித்துப்போய். நான் அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

"நாலாம் நம்பர் சோதனைப் பேப்பரை எடு" என்றார்.

எந்தப் பேப்பரை எடுப்பேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேனா, சிமெண்ட் மேடை, அன்றைக்குச் சொன்ன ஆமா. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. அவர் திட்டவில்லை. மூணுலேருந்து எல்லாமேயா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். நேரே சபைக் கூடத்துக்குப் போய் அலமாரியைத் திறந்து, மூன்றிலிருந்து பதினொன்று வரை ஒன்பது பாட்டிலையும் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். தன் பழைய சோதனைக்கூடத்துக்குப் போகப் பஸ் ஏறினார்.

ஆர்செனிக் என்று ஒரு விஷம். யாரும் கலக்கவேண்டியதில்லை, சில இடங்களில் பூமிக்கடியில் அதுவாகவே இருக்கும். குளத்தில் இருக்காது, ஆழமாகத் துளை போட்டால் வரும். நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசி கிடையாது. குடித்தவுடனே ஒன்றும் செய்யாது. வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்து, முதலில் தோலில் காட்டும், அப்புறம் உள்ளே போகும். இதெல்லாம் அண்ணிக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். மூக்குக்குத் தெரியாதது எது எது என்று சோதனைக்கூடச் சுவரில் ஒரு பட்டியலே தொங்குமாம். முப்பத்தொரு வருஷம் அதன் கீழே உட்கார்ந்துதான் வேலை பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஐந்து பாட்டில் நல்லது. நாலு, ஐந்து, எட்டு, ஒன்பது கெட்டது. நாலாம் நம்பரில் இருக்கலாம் என்கிற அளவைப்போலப் பதினெட்டு மடங்கு. அதுவும் பழைய தண்ணீர், விஷத்தில் பாதி துருவோடு சேர்ந்து அடியில் படிந்திருக்கும், அங்கே பம்பில் வருவது இதைவிட மோசமாக இருக்கும் என்றார் அண்ணி.

அன்றைக்கே அந்தக் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார். நாலு பம்பையும் உடனே பூட்டுங்கள், ஊராரிடம் சொல்லுங்கள் என்றார். அவர் பயந்துபோனார். ஆனால் பம்புகள் சபையின் பெயரில் இருக்கின்றன, சபையின் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் நான் பூட்டினால் ஊரே என்னை அடிக்கும் என்றார். அதுவும் நியாயம்தான். அண்ணி பாஸ்டரிடம் போனார். பாஸ்டர் கெட்டவர் இல்லை. கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அந்த ஞாயிறு பன்னிரண்டாம் கிணற்றின் தண்ணீர் ஞாயிறு. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ஞாயிறு மட்டும் முடியட்டும், திங்கட்கிழமை குழுவைக் கூட்டி யோசித்துக் கடிதம் எழுதலாம் என்றார். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது சரி என்றுதான் பட்டது.

மாடிக்கு வந்து அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மூணு நாள்ல அந்தப் பொண்ணு எத்தனை டம்ளர் குடிப்பா தெரியுமா?"

அப்போதுதான் என் மகள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். சனிக்கிழமை முழுக்க வீட்டில் யார் தண்ணீர் குடித்தாலும் டம்ளரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. பாட்டு முடிந்தது, பாட்டிலைத் திறந்தார்கள், பாஸ்டர் அண்ணியைப் பார்க்காமலேயே கூப்பிட்டார். வருவாரா என்று நினைத்தேன், வந்தார். டம்ளரைக் கையில் எடுத்தார். முகரவில்லை. நேரே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் அவ்வளவு தெளிவு. கைதட்டச் சிலர் கையைத் தூக்கிவிட்டார்கள்.

"இது நல்ல தண்ணியான்னு எனக்குத் தெரியாது" என்றார். "இத்தனை வருஷமும் தெரியாது. மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாத விஷம் இருக்கு. நாலு கிணத்துல இருக்கு. அந்த ஜனங்க இப்ப, இந்த நிமிஷம், குடிச்சிட்டிருக்காங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தானே எழுதி வைத்திருந்தார். பாஸ்டர் முன்னால் வைத்து, கையெழுத்துப் போடுங்க ஐயா என்றார். பாஸ்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். போட்டார். முத்திரையை எடுத்துவர ஆள் ஓடியது.

அப்போது பாடகர் குழுவிலிருந்து ஒருவர் எழுந்து, சோதனை செய்யாமல் விட்டது யார் என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். நான் எழுந்திருக்கவேண்டிய இடம் அதுதான். உட்கார்ந்தே இருந்தேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"பேப்பரைக் காட்டுன்னு கேக்காம குடிச்சது நான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அந்தப் பழி அவர் தலையில்தான் விழுந்தது. மூக்கு அக்கா என்று கொஞ்சியவர்கள் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு ஊர்ப்பிள்ளைகளை விஷம் குடிக்க வைத்தவள் என்று என் கடையில் நின்றுகொண்டே ஒருத்தி சொன்னாள். நான் அவளுடைய துணியை மடித்துக்கொடுத்து மிச்சம் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற வாய் இது. இப்போது ஆண்டு மலர்க்காரர்களுக்கு மனசு மாறி, அண்ணி துணிச்சல்காரி என்று இரண்டு பக்கம் போடப்போகிறார்களாம். போடட்டும். அந்த வரியை அடித்தவள் நான். மூன்றாம் கிணற்றின் பில் சபை அலுவலகத்தில்தான் இருக்கிறது, சிவப்புப் பேனா என்னுடையது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நாலு பம்புக்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். பதின்மூன்றாம் கிணற்றுக்குச் சேர்த்த பணம் வடிகட்டும் தொட்டிகளுக்குப் போனது. பன்னிரண்டாம் நம்பர் நல்ல தண்ணீர் என்று பேப்பர் வந்தது. அதைப் பார்த்து யாரும் கைதட்டவில்லை.

எட்டு மாசம் கழித்து அந்த ஊர் நர்ஸிடமிருந்து ஒரு கடிதம், அண்ணி பெயருக்கு. அண்ணிக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வருவதால் நான்தான் படித்துக் காட்டினேன். நாலாம் கிணற்றுக்காரர்களில் நாற்பத்தாறு பேருக்குத் தோலில் புள்ளி இருக்கிறது. நல்ல தண்ணீர் குடித்தால் சிலருக்கு மங்கும். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்பது இன்னும் பத்து, பதினைந்து வருஷம் போனால்தான் தெரியும். நீங்கள் கேட்டிருந்த பெண் நடமாடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், ஆனால் இப்போதெல்லாம் கையை மடக்கியே வைத்துக்கொள்கிறாள்.

கடைசியில் இன்னும் நாலு வரி இருந்தது. உங்கள் படம் எங்கள் மருத்துவமனைச் சுவரில் பல வருஷமாக இருக்கிறது, நீங்கள் தண்ணீர் குடிக்கிற படம். முதலில் அந்த அம்மா குடித்துப் பார்ப்பார்கள், அப்புறம்தான் நமக்கு என்று இங்கே எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். புதுக் கிணறு வேண்டாம் என்று பயந்த கிழவர்களைக்கூட அந்தப் படத்தைக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தார்கள். அந்தப் பெண் உங்களைப் பற்றி என்னிடம் தினமும் கேட்கிறாள். எங்களுக்கு முன்னாலேயே குடித்தவர்களாயிற்றே, அந்த அம்மா கையிலும் புள்ளி வந்துவிட்டதா, அவர்களுக்கு நல்ல டாக்டர் இருக்கிறாரா என்று.

நான் நிறுத்திவிட்டேன். அண்ணி இரண்டு கையையும் விரித்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எழுபது வயசு ஆகப்போகிற கை. ஒரு புள்ளி கிடையாது.

கையில ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்னு எழுதட்டுமா அண்ணி என்று கேட்டேன்.

"ஒரு வாய்தான் குடிச்சேன்னு எழுது" என்றார்.

அப்படியே அந்தப் பெண்ணுக்கு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அதற்குக் கீழே, சோதனையை நிறுத்தியது நான் என்று எழுதி என் கையெழுத்தையும் போட்டேன். அந்தப் பெண்ணிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.